எழுத்தில்லாத பலகை

கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபம். பொங்கல் முடிந்த சமயம். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு சோபா அப்படியே கிடந்தது. அதற்கு முன்னால் சாலைப் பாதுகாப்பு மாதம் என்று எழுதிய பேனரைக் கட்டியிருந்தார்கள். முந்தின நாள் முகூர்த்தத்து சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. அதற்கு மேல் பினாயில் வாசனை.

நாங்கள் காக்கிச் சட்டையில் வரிசையாக நின்றோம். வேன்காரர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள், லோடு வண்டிக்காரர்கள். டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெண் எழுத்துப் பலகை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் முதலாளி பாபு எல்லோரும் போயே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் அவருடையவை. அதில் ஒன்று என் கையில் இருந்தது.

வரிசையில் எல்லோரும் கிண்டலும் சிரிப்புமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தொடரில் இதுவரை நான் ஓட்டிய வண்டிகளைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் ஓட்டாமல் விட்ட ஒரு ட்ரிப்பைப் பற்றி எழுதுகிறேன். எனக்குப் படிப்பு அஞ்சாவது. நான் எழுதுவதை என் மகள் திருத்திக் கொடுக்கிறாள். இதை மட்டும் அவள் இரண்டு தடவை படித்துவிட்டுத் திருத்தினாள்.

தொப்பி சைகை

டிரைவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் வருகிறவன் லைட்டை இரண்டு தடவை மினுக்குவான். பிறகு கையைத் தலைக்கு மேல் தொப்பி மாதிரி வைத்துக் காட்டுவான். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். உடனே பெல்ட் போட வேண்டியவன் போடுவான். பைக் கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட் தலைக்கு ஏறும். போலீஸைத் தாண்டியதும் எல்லாம் பழையபடி.

அவன் யார், எந்த ஊர் என்று தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டுப் போவான். நாமும் அடுத்தவனுக்குச் சொல்வோம். இதில் எங்களுக்கு ஒரு பெருமை. டிரைவரை டிரைவர் விட்டுக்கொடுக்க மாட்டான் என்று பேசிக்கொள்வோம்.

அந்த மண்டபத்திலும் அதுதான் நடந்தது. முதலில் சோதனைக்கு உட்கார்ந்தவன் எழுந்து வந்ததும் பலகையில் இருந்த கடைசி வரியைச் சொன்னான். அது வரிசையில் வாய் வாயாகப் பின்னால் வந்தது. எனக்கு முன்னால் நின்ற ஏகாம்பரம் திரும்பிச் சொன்னான். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எனக்கு ரொம்ப வருடப் பழக்கம்.

"மச்சான், மேல பெர்சா ஒண்ணு கீது, அத்த வுடு. கடசி லைனு தான் கேக்குறா அந்தப் பொண்ணு. ப, ட, ம, ய, ர. அவ்ளோதான்."

நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ப, ட, ம, ய, ர. இரண்டு தடவை, மூன்று தடவை. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு ஒழுங்காக எதையும் மனப்பாடம் செய்ததில்லை.

பூ மாதிரி லைட்டு

கண் எப்போது கெட்டது என்று சரியாகச் சொல்ல முடியாது. ஆடி கழிந்து ஒரு மழை இரவில் எதிர் வண்டி லைட்டு சாமந்திப்பூ மாதிரி விரிந்து தெரிய ஆரம்பித்தது. நடுவில் வெள்ளை, சுற்றிலும் இதழ் இதழாக. அந்தப் பூ கடந்து போகிறவரை எனக்கு ரோடு இருக்காது.

நான் கண்ணைச் சந்தேகப்படவில்லை. கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன். புது வைப்பர் போட்டேன். பல் விளக்கும் பேஸ்ட்டால் ஹெட்லைட்டைத் தேய்த்தேன். இப்போது வருகிற வண்டிகளில் எல்லாம் வெள்ளை லைட்டு, அதுதான் கண்ணைக் கூசுகிறது என்று டீக்கடையில் பேசினேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அதனால் அது உண்மை என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மகள் செல்விக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஒருநாள் பருத்திப்பட்டு ஸ்டாப்பிங்கில் நிற்கும்போது கேட்டாள்.

"இன்னா, பஸ்சு நம்பர் தெரியலயா உனுக்கு?"

தூசு விழுந்துவிட்டது என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பேச்சை மாற்றிவிட்டாள்.

லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டாக்டர் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் போன டாக்டர் தலையைத் தூக்கவில்லை. நல்லா தெரியுதா என்று காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார். தெரியுது சார் என்று நானும் காகிதத்தைப் பார்த்தபடி சொன்னேன். கையெழுத்தாகிவிட்டது. அவரைக் குறை சொல்லி என்ன. அவர் வண்டி ஓட்டப் போவதில்லை. நான்தான் ஓட்டப் போகிறேன்.

வேனை நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். எஸ்டேட்டில் ஏற்றி, அயனம்பாக்கத்தில் சிலரை இறக்கி, திருவேற்காடு வழியாகப் பருத்திப்பட்டு. வேகத்தடை எங்கே, பள்ளம் எங்கே, எந்தத் திருப்பத்தில் ராங் சைடில் பைக் வரும், எல்லாம் உடம்புக்கே தெரியும். ஏரிப்பக்கம் வரும்போது காற்று மாறும். அதை வைத்தே ஸ்டியரிங்கைத் திருப்புவேன். கண் வேலையை மற்றதெல்லாம் சேர்ந்து செய்தது.

எனக்குப் பின் சீட்டில் பொன்மணி என்று ஒருவர் வருவார். தூத்துக்குடிப் பக்கம். ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஏறியதும் ஒரே வார்த்தைதான். "அண்ணாச்சி, பருத்திப்பட்டு வந்ததும் எழுப்பிவிடுங்க." துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். நான் ஓட்டினால் தூக்கம் வருகிறது என்று மற்றவர்களிடம் சொல்வார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

வரிசை நகர்ந்தது

ஏகாம்பரம் போய் உட்கார்ந்து கடகடவென்று சொல்லிவிட்டு வந்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஓரமாக நின்றான். அடுத்து நான் போக வேண்டும். அதற்குள் வேறு ஒரு வரிசையிலிருந்து ஒரு வடக்கத்திக்காரரை முன்னால் கூப்பிட்டார்கள். எஸ்டேட்டில் லோடு வண்டி ஓட்டுகிறவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண் அவருடன் இந்தியில் பேசினாள். அவர் கையை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று ஏதோ ஆட்டினார். முடிந்து போய்விட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. ப, ட, ம, ய, ர.

நாற்காலியில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைத் துணி மூடிய நாற்காலி. இடது கண்ணை மூடச் சொன்னாள். தூரத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அதில் கறுப்பாக ஏதோ அழுக்கு மாதிரி.

கீழ் வரியிலிருந்து சொல்லுங்கண்ணா என்றாள்.

"ப, ட, ம, ய, ர" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.  சரியாகத்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணா, இதுல எழுத்தே இல்லண்ணா."

தமிழ் தெரியாதவருக்காகப் பலகையை மாற்றியிருக்கிறாள். அதில் இருந்தது மூன்று விரல் நீட்டிய கை மாதிரி ஒரு குறி. ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும். எழுத்து கிடையாது.

அவள் மெதுவாகச் சொன்னதில் பிரயோஜனம் இல்லை. பக்கத்தில் நின்றவனுக்குக் கேட்டுவிட்டது. அவன் அடுத்தவனிடம் சொன்னான். எழுத்து வந்த அதே வழியில் இதுவும் பின்னால் போனது. முதலில் சிரித்தது ஏகாம்பரம்தான். அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணாத்தே மந்திரம் ஓதுறாருடா" என்று ஒரு குரல்.

எனக்குக் காது சுட்டது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, அதனால்தான் என்றேன். படிக்காதவன் என்ற பெயர் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது.

அவள் கோபப்படவில்லை. "இதுக்குப் படிப்பு வேணாம்ணா. அங்க விரல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கோ, அதே மாதிரி உங்க விரலைக் காட்டுங்க, போதும்."

மூன்று விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. மேலே இருந்த பெரிய குறியைக் காட்டிவிட்டேன். அதற்கு அடுத்த வரியில் கை அப்படியே நின்றுவிட்டது. காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள், கல்யாண நாற்காலியில், மூன்று விரலை நீட்டிக்கொண்டு. யாரும் இப்போது சிரிக்கவில்லை. சிரித்தபோது இருந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது.

மனப்பாடம்

டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது என்றாள். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றாள்.

சாயங்காலம் ட்ரிப் இருக்கிறது என்றேன்.

"வண்டில எத்தன பேர் வருவாங்கண்ணா?"

பதில் தெரியாத கேள்வி இல்லை.  அவள் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். காத்திருந்தாள். நான் எழுந்துவிட்டேன்.

வாசலில் எலுமிச்சை சாதம் பொட்டலம் கொடுத்தார்கள். ஏகாம்பரம் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா மச்சான், மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? அவங்க அப்டித்தான் சொல்வாங்க. எஸ்டேட்டு ரோடு உனுக்கு மனப்பாடம். கண்ண மூடிக்கினு ஓட்டுவ நீ."

அவன் ஆறுதலுக்குச் சொன்னான். நல்லவன்தான். எனக்கு மனப்பாடம் என்ற வார்த்தை மட்டும் காதில் நின்றது. எழுத்தையும் மனப்பாடம்தான் செய்திருந்தேன். பலகையை மாற்றியது எனக்குத் தெரியவில்லை. ரோட்டிலும் யாராவது எதையாவது மாற்றியிருந்தால்? மாலையில் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தால்? ஒரு ஆள் குறுக்கே வந்தால்?

இதெல்லாம் நினைத்தேன். நினைத்துவிட்டும் சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனேன். அதுதான் நடந்தது.

எஸ்டேட் கேட்

கம்பெனி விட்டு ஆட்கள் ஏறினார்கள். இருட்ட ஆரம்பித்திருந்தது. பொன்மணி ஏறினார். எழுப்பிவிடச் சொன்னார். துப்பட்டா முகத்துக்குப் போனது.

வண்டியைப் பின்னால் எடுத்தேன். பக்கக் கண்ணாடியில் எப்போதும் போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புகை. ஒன்றும் இல்லை என்று எடுத்துவிட்டேன். பட்டென்று வண்டியின் முதுகில் ஒரு அடி விழுந்தது. கேட் செக்யூரிட்டி கத்தினார்.

"ஏய், கண்ணு தெரியல? ஆள் கீறான் பாரு."

பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கிப் போனேன். சைக்கிளில் டீ கேன் வைத்து விற்கிறவர். பம்பருக்கும் அவர் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்தான். அவர் திட்டவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனார். இது தினமும் நடப்பது மாதிரி போனார்.

கண்ணு தெரியல என்பது ரோட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்பது. நானும் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு செக்யூரிட்டி கேட்டது உண்மை.

வண்டியை அணைத்தேன். பக்கக் கதவைத் திறந்தேன். எல்லோரும் இறங்கிக்கொள்ளுங்கள், என்னால் ஓட்ட முடியாது, கண் தெரியவில்லை என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. கார்த்தி என்று ஒரு பையன், அயனம்பாக்கத்தில் இறங்குகிறவன், காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"எவ்ளோ நாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த மண்டபத்தில் பொய்க்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டேன்.

"ஆயுத பூஜைக்கு முன்னாடியே சார்."

 செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். ஒவ்வொருவரும் பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. மழை பெய்த நாள், கரண்ட் போய் ரோடு இருட்டாக இருந்த நாள், அவர்கள் தூங்கிய நாள்.

தன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, தான் ஓட்டுகிறேன் என்று கார்த்தி சாவியைக் கேட்டான். ஆள் ஏற்றும் வண்டி, பழகாத கையில் கொடுக்க முடியாது என்றேன்.

"பழகாத கைல குடுக்கக் கூடாது. தெரியாத கண்ண வச்சு ஓட்டலாமா?"

சரியான கேள்வி. சாவியைக் கொடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பொன்மணி கடைசியாக இறங்கினார். அவர் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். கார்த்தி கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை. இதுதான் உள்ளே இறங்கியது.

பாபுவுக்குப் போன் செய்தேன். முன்னாடியே சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பேனே என்றார். மத்தியானமே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பிங் போனேன். எந்த பஸ் என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுத்தான் ஏறினேன்.

ஒட்டடை

முதலில் வலது கண், கொஞ்ச நாள் விட்டு இடது கண். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் நான் பார்த்தது ஃபேனில் தொங்கிய ஒட்டடை. செல்வியிடம் சொன்னேன்.

"நைனா, திரும்ப கட்டிவுடவா கண்ண?" என்றாள். அந்த மாதங்களில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் இனி ஓட்டலாம் என்று சொன்னதும் பாபுவிடம் போனேன். அந்த வேன் ஆட்கள் வேறு டிரைவரைக் கேட்டு அவர்கள் குரூப்பில் எழுதியிருந்தார்களாம். பகலில் தண்ணீர் கேன் லோடு ஓட்டச் சொன்னார். சரி என்றேன். அவர்கள் கேட்டது நியாயம். என் வீட்டுப் பிள்ளை அந்த வண்டியில் போயிருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

என் டிபன் கேரியர் பழைய வேனிலேயே இருந்தது. எடுக்க ஒரு சாயங்காலம் எஸ்டேட் கேட்டுக்குப் போனேன். ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு முகமும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாதக்கணக்கில் ஏற்றி இறக்கிய ஆட்கள்.

"அண்ணாச்சி, கண்ணு சரியாயிட்டா?"

திரும்பினேன். பொன்மணியை நான் இருபது வயசுப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குரல் அப்படி. எதிரில் நின்றவருக்கு வகிட்டில் நரை. என் தங்கை வயசு இருக்கும்.

"என்ன, ஆளத் தெரியலியா?"

"கொரல வச்சுத்தாம்மா தெரியும்."

அவர் தலையை ஆட்டினார்.  ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இடது பக்கம்

கேரியரை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கமாக வந்தேன். புது டிரைவர் சதீஷ் வண்டியை ஸ்டார்ட் செய்து லைட்டைப் போட்டான். பின்னால் வலது பக்கம் சிவப்பு எரிந்தது. இடது பக்கம் இருட்டு. அப்படிப் போனால் பின்னால் வருகிறவன் அதைப் பைக் என்று நினைப்பான். இடது பக்கம் இடம் இருக்கிறது என்று வந்து சொருகுவான்.

ஜன்னல் பக்கம் போய்ச் சொன்னேன். தெரியும், நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றான். எதிர்க் கடையிலேயே பல்பு கிடைக்குமே என்றேன்.

அவன் இன்ஜினை உறுமவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீ கண்ணே தெரியாம ஓட்டிக்கினு இருந்த. எனுக்கு லைட்டு சொல்ல வந்துட்ட."

உள்ளே எல்லோருக்கும் கேட்டது. அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. 

நடந்து போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். ஹாரன் அடித்தான். விடாமல் அடித்தான். செக்யூரிட்டி எழுந்து வந்து என்ன என்று கேட்டார்.  கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு முகமும் நன்றாகத் தெரிந்தது. நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

ஹாரன் நின்றது. சதீஷ் இறங்கிக் கதவை அறைந்து மூடினான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போனான்.

வண்டியில் இருந்தவர்களுக்கு அன்றைக்கும் என்னால்தான் லேட்.